அபூர்வத்தின் வரிசை

போக்கர் ஆட்டத்தில் எந்தக் கை எதனை வெல்லும் என்ற வரிசையை வெறும் மனப்பாட விஷயமாக உருப்போடுகிறவர்கள், அதனுள் உறைந்திருக்கும் கணித சௌந்தரியத்தை இழந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அவற்றுள் அபூர்வமாக வருவதே உயர்ந்தது என்ற ஒரே நியாயத்தின் மீதுதான் அவ்வரிசை முழுவதும் நிற்கிறது. ஒரே ஜாதியில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் கூடி அமையும் ராயல் ஃப்ளஷ் நான்கே நான்கு. ஒரு ஜோடி மட்டும் அமையும் கைகளோ 10,98,240.

இஸ்பேட்டில் 2, 5, 8, ஜாக்கி, ராஜா என்று முன்பின் தொடர்பின்றி விழுந்த ஐந்து சீட்டுகள், பல ஜாதிகள் கலந்து 5 முதல் 9 வரை படிப்படியாக அணிவகுத்த கையை வெல்வதைக் கண்டு, புதிதாய்க் கற்பவர் எவரும் ஒரு கணம் திகைக்கவே செய்வர். கண்ணுக்கு அழகு பின்னதற்குத்தானே! ஆனால், ஒரே ஜாதி, வரிசை என்ற இரண்டு குணமும் ஒருங்கே அமைந்தவற்றை நீக்கிப் பார்த்தால், முன்னதான ஃப்ளஷ் 5,108 வகையிலும் பின்னதான ஸ்ட்ரெய்ட் 10,200 வகையிலும் வரும் என்று அறிந்த மாத்திரத்தில், அந்தத் திகைப்பே ஆனந்தமாகிவிடுகிறது. நம் நாட்டு மூன்று சீட்டு ஆட்டத்தில் இவ்விரண்டின் ஸ்தானமும் தலைகீழ்: அங்கே வரிசை 720, ஒரே ஜாதி 1,096, ஆகவே வரிசையே வெல்லும்.