ஆனேக்கல்லில் கட்டில், தின்னவேலியில் அறை

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் போகும் சாலையில் எந்த பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) பலகையைப் பார்த்தாலும் கணக்கு கட்டில் கணக்குதான். டூ ஷேரிங், த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங். ராகி விளைந்த நிலத்தில் நான்கைந்து மாடி எழும்புகிறது. நிலத்துக்காரர் கட்டடத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட, எடுத்து நடத்துபவர் பல இடங்களில் ஆந்திரக்காரராக இருக்கிறார். ஒரே அறையில் அலையன்ஸ் பல்கலைக்கழக மாணவனும், ஜிகணி தொழிற்பேட்டையில் பயிற்சி பெறுபவனும், எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவனும் படுத்திருப்பார்கள். ஒருவன் தேர்வுக்குப் படிக்க விளக்கைப் போடும் நேரம், இன்னொருவன் தூங்க வரும் நேரம். யார் யாரோடு தங்குவது என்பதை மேனேஜர் முடிவு செய்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கட்டில் காலி என்பதுதான்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. பல்கலைக்கழகம் இருக்கும் இடம் திருநெல்வேலி. நம் நெல்லை அல்ல. ஊர்ப் பேச்சில் தின்னவேலி. 1974-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 1979-ல் தனிப் பல்கலைக்கழகமானது. அதைச் சுற்றி, கொக்குவில், கோண்டாவில் வரை, வீட்டுக்கு வீடு மாணவர் அறைகள். விடுதி இடத்தில் முதலாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும் முன்னுரிமை என்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுவான வழக்கம். இடையிலுள்ள ஆண்டுகளில் வெளியே 'போடிங்' பார்க்க வேண்டியதுதான். அங்கே விளம்பரப் பலகை தேவைப்படுவதில்லை. மூத்த மாணவர் படிப்பை முடித்துப் போகும்போது அறையை அடுத்த பட்ச்சுக்குக் கைமாற்றிவிட்டுப் போகிறார். நான்கு பேர் சேர்ந்தே போகிறார்கள்; ஏற்கெனவே தெரிந்தவர்கள். கட்டிலை அவர்களே வாங்குகிறார்கள், அல்லது பாயில் படுக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் இன்று நேற்று வந்ததல்ல என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் கொழும்பில் கிளறிக்கல் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் சேர்ந்து வீடு எடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து, மாதக் கடைசியில் செலவைத் தலைக்கு இவ்வளவென்று பிரித்துக்கொண்டார்கள். அதற்குச் சம்மரி என்று பெயர். ஒரே பானைச் சோறு. நம் பக்கத்தில் அதற்கு இணையாக இருந்தது திருவல்லிக்கேணி மேன்ஷன். அறை உண்டு, சாப்பாடு வெளியே அவரவர் மெஸ்ஸில், பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் வருஷம் ஓட்டலாம். சம்மரியின் பேரன் யாழ்ப்பாணத்துப் போடிங். மேன்ஷனின் பேரன் ஆனேக்கல் பி.ஜி.

உள்ளே விடுவதற்கு முன் கேட்கும் கேள்வியிலேயே இரண்டு ஊரும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. ஆனேக்கல் பி.ஜி.யில், "ஆதார் ஜெராக்ஸ் கொடுங்க, ஒரு மாசம் அட்வான்ஸ்" என்பதோடு முடிந்தது. சாதி, மதம், ஊர் எதுவும் மேனேஜருக்கு வேண்டாம். இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நாலு பேர் சேர்ந்து தனி வீடு தேடிப் போகும்போதுதான் "பேச்சிலர்ஸா?" என்றும், "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்றும் கேள்வி வருகிறது, இரண்டாவது கேள்வி சாப்பாட்டைப் பற்றி மட்டுமல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தின்னவேலியில் அந்தக் கேள்வி இன்னும் நயமாக வரும். "தம்பி எவடம்? கோயிலடியோ, சந்தியடியோ?" ஊரின் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கூட்டிக்கொள்வார்கள். ஹற்றன், பதுளைப் பக்கமிருந்து வரும் மலையக மாணவருக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்றே தெரிவதில்லை. போருக்குப் பிறகு சிங்கள மாணவர்கள் பெருமளவில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வரத் தொடங்கினார்கள். 2016 ஜூலையில் வரவேற்பு விழாவில் கண்டிய நடனம் வைப்பது பற்றி வளாகத்துக்குள் கைகலப்பே நடந்தது. வாடகை அறைக்கும் அந்த அரசியலுக்கும் தூரம் அதிகமில்லை.

சமையலறைக்கு வருவோம். வீட்டுத்தோழமையின் உண்மையான பரீட்சை அங்கேதான். ஆனேக்கல் பி.ஜி.யில் காலையில் சித்ரான்னம் அல்லது பலாவ், இரவில் சப்பாத்தியும் ஒரு குழம்பும், ஞாயிற்றுக்கிழமை கோழி. சமையலறைக்குள் நுழைய அனுமதியில்லை. அதனால் சமையல் கட்டிலுக்கு அடியில் நடக்கிறது. கெட்டிலில் மேகி வேகிறது. கழுவிவிட்டு அதிலேயே முட்டை. அதையும் கழுவிவிட்டு அதிலேயே காபி. கொஞ்சம் துணிந்தவன் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பான். ராத்திரி பத்து மணிக்கு மூன்றாம் மாடி முழுக்க இருண்டால், எவனோ தோசை ஊற்றுகிறான் என்று பொருள். எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டு மேனேஜர் அறை அறையாக மோப்பம் பிடித்து வருவார். அந்த நேரத்தில் மட்டும் நாலு கட்டில்காரரும் ஒரு குடும்பம்; யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

போடிங்கில் சமையல் முறை வைத்து நடக்கும். இன்றைக்கு ஒருவன் சோறு, இன்னொருவன் கறி, மூன்றாமவன் திருவலையில் தேங்காய் துருவ வேண்டும், நாலாமவன் சட்டி பானை கழுவ வேண்டும். சண்டை எப்போதும் நாலாமவனைப் பற்றியதுதான். மட்டக்களப்புக்காரனுக்கு யாழ்ப்பாணத்தான் வைக்கும் மீன்குழம்பு பிடிக்காது. மலையகத்தான் தேங்காய்ப்பூ ரொட்டி தட்டும் நாளில் எல்லோரும் சமாதானமாவார்கள். பரீட்சைக் காலத்தில் பாணும் பருப்பும். 2022-ல் எரிவாயு சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, வீட்டுக் கோடியில் மூன்று கல்லை வைத்துப் பொச்சும் மட்டையும் எரித்துச் சமைக்க வேண்டியதாயிற்று. கெட்டிலில் மேகி கிண்டுகிறவனுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது.

காசு விஷயம் சுருக்கமானது. ஆனேக்கல்லில் ஸ்பிளிட்வைஸ், போன்பே. பன்னிரண்டு ரூபாய் பாக்கி என்றாலும் செயலி நினைவுபடுத்தும். தின்னவேலியில் ஆணியில் தொங்கும் கணக்குக் கொப்பி. மகாபொல உதவித்தொகை பிந்தினால் கொப்பியில் எல்லோர் பெயருக்கு நேரேயும் கடன் ஏறும். 1981-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதத்துக்கு வெகுகாலம் கிடைத்தது 5,000 இலங்கை ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் போடிங் வாடகைதான் மாணவரின் பெரிய செலவு. ஆனேக்கல்லிலோ தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்னால் கட்டில் வாடகை ஒரு மூலைச் செலவு. அதனால்தான் பையனின் அப்பா அதைப் பற்றிப் பேரம்கூடப் பேசுவதில்லை.

சரி, ஒத்துவரவில்லை என்றால்? ஆனேக்கல்லில் ஒரு மாத நோட்டீஸ். அட்வான்ஸில் மெயின்டனன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள், எதற்கென்று கேட்கக் கூடாது. ஆட்டோவில் பெட்டியை ஏற்றி அடுத்த தெருப் பலகைக்குப் போய்விடலாம். குறட்டை விடுகிறவனிடம் குறட்டையைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே வருவதில்லை. தின்னவேலியில் அறையை விட்டால் பட்ச்சை விட்ட மாதிரி. அதே முகங்களை விரிவுரை மண்டபத்தில் மேலும் இரண்டு வருஷம் பார்க்க வேண்டும். எனவே பேசித் தீர்க்கிறார்கள், அல்லது பேசாமலே இருந்து தீர்க்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் நெருங்கி வருகின்றன. லேடீஸ் பி.ஜி.யின் வாசலில் கேமராவும் ராத்திரி பத்து மணிப் பூட்டும். தின்னவேலியில் வீட்டுக்கார அன்ரி, "பிள்ளை, ஏழு மணிக்குக் கேற் பூட்டிப்போடுவன்" என்பார். வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருந்தால், பராமரிக்கும் உறவினர் முதலில் தகவல் அனுப்புவது அவருக்கு; அவரிடமிருந்து பிள்ளையின் அம்மாவுக்கு. டெங்குக் காய்ச்சல் வந்தால் அதே அன்ரிதான் கஞ்சி வைத்துக் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவார். பி.ஜி.யில் காய்ச்சல்காரிக்குத் தட்டு மேலே வருவது அறைத்தோழியின் மனசைப் பொறுத்தது. அக்கறையை வைத்துக்கொண்டு கண்காணிப்பை மட்டும் கழித்துவிட வழி உண்டா என்றால், அன்ரிமார் இல்லை என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆனேக்கல் பி.ஜி. சட்டத்துக்குப் புறம்போக்குதான். 2024 ஜூலையில் கோரமங்களா பி.ஜி. ஒன்றில் ஒரு பெண் கொலையான பிறகு, ஆகஸ்டில் பெங்களூரு மாநகராட்சி விதி போட்டது: தலைக்கு 70 சதுர அடி, நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர், கண்காணிப்புக் கேமரா. ஆனால் சந்தாபுரம், அத்திபெலே, ஜிகணி, ஆனேக்கல் எல்லாம் அந்த மாநகராட்சிக்கு வெளியே இருந்த தனித்தனி புரசபைகள் (நகராட்சிகள்). டேங்கர் லாரித் தண்ணீரில் ஓடும் மாடிகளில் 135 லிட்டரை அளக்கப் போவது யார்? அதே வருஷம் ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் மட்டும் தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத, குறைந்தது தொடர்ந்து 90 நாள் தங்கும் வாடகைக்கு விலக்குத் தந்தது. தலைக்கு இவ்வளவு என்று அரசும் கட்டில் கணக்கே போட்டிருக்கிறது. புரசபைகள் செய்யவேண்டியது அந்தத் தலைக்கணக்கை வரியோடு நிறுத்தாமல், ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவது.