ஐந்து மீட்டர் சித்தாந்தம்

வீதிக் காட்சிகளைப் படமெடுப்பதில் ஈடுபட்ட இளைஞர்களிடையே ஒரு சம்பிரதாயம் வேரூன்றி வருகிறது: 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-ல் நிறுத்தி, தூர வளையத்தை ஐந்து மீட்டருக்குத் திருப்பிவிட்டு, பிறகு அதைத் தொடாமலே நாள் முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டே போவதும், முகம் மங்கியிருக்கிறதே என்று யாரேனும் கேட்டால், மேதைகள் எல்லாரும் இப்படித்தான் எடுத்தார்கள் என்று சமாதானம் சொல்வதும்.

சௌகரியம் இல்லாமலில்லை. வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பவனுக்கு அந்த க்ஷணம் காத்திருக்காது. நல்ல வெயிலில் எஃப் 16, 400 வேக ஃபிலிமுக்கு 1/400 வினாடி என்ற பழைய வாய்ப்பாடு ஒளிமானி இல்லாதவனையும் கைவிடுவதில்லை. வெளிச்சம் சற்றுக் கூடினாலும் நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு விவாதமில்லை.

என் நெடுநாளைய ஆட்சேபம் தூரத்தைப் பற்றியது. ஐந்து மீட்டரில் வைத்தால் இரண்டரை மீட்டர் தொடங்கி அனந்தம் வரையில் யாவும் தெளிவு என்று லென்ஸில் பொறித்த கோடுகள் வாக்களிக்கின்றன. ஒரு புள்ளி நெகட்டிவில் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் வட்டமாகப் பரவினாலும், சிறிய பிரதியில் அது புள்ளியாகவே தோன்றும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் வாக்கு அது. பிரதியைப் பெரிதாக்கி அருகில் நின்று பார்த்தால் நிலைக்காது. பூரணத் தெளிவு ஐந்தாவது மீட்டரில் மட்டுமே. இரண்டரையில் இருப்பது சகிக்கத்தக்க மங்கல். வீதியில் நம் மனத்தைக் கவரும் மனிதனோ பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டருக்குள்தான் நிற்கிறான். ஆகவே, பூத்தொடுக்கும் கிழவியின் கண்கள் எல்லைக்கோட்டில் கரைந்துகொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரொட்டியின் எழுத்துகள் கத்திபோல் கூர்மையாக விழுகின்றன. எஃப் 16-க்குச் சுருக்கினால் எல்லை முன்னே நகரும், உண்மைதான். ஆனால் தெருவின் நிழற்புறத்தில் அதே ஃபிலிமுக்கு ஷட்டர் 1/60 வினாடிக்கு இறங்கிவிடும். நடப்பவரின் கைகால்கள் கலைந்துபோகும்.

1932-ல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதனை ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த படத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அங்கே கலைந்திருப்பது தாண்டுபவனின் வேகம். நீரில் கிடக்கும் ஏணி கலையவில்லை. வேகத்தால் கலைந்த உருவம் வேகத்தைச் சொல்லும். தூரம் தவறி மங்கிய முகமோ, எடுத்தவன் அம்மனிதனைக் காணுமுன்பே அவனுக்குரிய இடத்தை நிர்ணயித்துவிட்டான் என்பதைத் தவிர வேறெதைச் சொல்லும்? இதற்கு முறை என்று பெயரிடுவதும், அதைக் கலைக் கொள்கையாக உயர்த்துவதும் சோம்பலுக்குச் சூட்டும் மகுடமே.

முன்கூட்டி வைத்தே தீரவேண்டுமென்றால் இரண்டு மீட்டரில் வைக்கட்டும். அதே எஃப் 8-ல் சுமார் 1.4 முதல் 3.3 மீட்டர் வரை மனிதர்கள் அகப்படுவார்கள், சுவர் மங்கிக்கொள்ளட்டும். அதற்கப்பால் நிற்பவர் வேண்டுமானால் அவரை நோக்கி நடக்கட்டும், அல்லது வளையத்தின் மேல் விரலை வைக்கட்டும்.