அட்டையில் பேரில்லாதவர்கள்

கவிதையும் கதையும் மட்டுந்தானா பிரதி? ஈ.பி. கார்டையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அதில் யாருடைய பேர் எழுதியிருக்கிறது, யாருடைய பேர் எழுதப்படவே இல்லை என்று பார்த்தால் போதும். சாமளாபுரத்தில் தறிக்குடோன் சத்தத்துக்குள் வளர்ந்தவன் நான். என் வாசிப்பு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

இந்தக் கொங்கு மண்ணில் கரண்டுக்கு ஒரு வீர வரலாறு உண்டு. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் கிளம்பினார்கள். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அந்தச் சாவை நாம் மதிக்கிறோம். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. விசைத்தறிக்கு 2006-இல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம். 2016-இல் அது 750, 2023-இல் 1000. மேடைகளில் இதையெல்லாம் ஏழைபாழைகளுக்குச் செய்ததாகத்தான் கணக்கெழுதுகிறார்கள்.

சரி, கெணறு யாருது? தறி யாருது? எங்கப்பன் அந்தக் கெணத்துல தூர் வாரினவரு, ராத்திரியில போயி மோட்டாரப் போட்டுவிட்டவரு. கெணறு அவருதில்ல. எங்கம்மா தார் சுத்துனா, நான் ஷிப்டு ஓட்டுனேன். தறி எங்களுதில்ல. சலுகை உடைமை இருந்த இடத்தைத் தேடிப் போனது. உடைமையற்றவர்களுக்கு ஒதுக்கியது 'குடிசைக்கு ஒரு விளக்கு'. அவர்களுக்குக் குதிரைசக்தி, நமக்கு ஒத்தை பல்பு. சலுகையின் மொழிக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது.

2016-இல் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் மனுசன் எங்கே? 'இணைப்பு'தானே இருக்கிறது!

வளவில் இடம் போதாமல் நாங்கள் லைன் வீட்டுக்குப் போயிருந்தோம். 'என்ன ஆளுக' என்று கேட்டுக் கேட்டுப் பலபேர் கதவடைத்த பிறகு கிடைத்த வீடு. பத்துக் குடும்பம், ஒரே இணைப்பு, உள்ளுக்குள் பத்து சப்-மீட்டர். யூனிட்டுக்கு 10 ரூபாய்.

"ஏனுங்க, நூறு யூனிட்டு சும்மான்னு சொல்றாங்களே?" என்று அம்மா கேட்டாள்.

"அது கார்டுக்குத்தான், உனக்கில்ல. கட்டுபடியாகலீன்னா வேற ஊடு பாத்துக்க" என்றார் வீட்டுக்காரர்.

வேற ஊடு! அம்மா பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

அவரைத் திட்டிவிட்டு மட்டும் இதை முடித்துவிட முடியாது. கணக்கைப் பாருங்கள். குடும்பத்துக்கு 90 யூனிட் என்றால், தனி இணைப்பில் பில்லே கிடையாது. பத்துக் குடும்பமும் ஒரே மீட்டரில் எரித்தால் 900 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணப்படி, முதல் 100 போக, யூனிட்டுக்கு 4.50-இல் தொடங்கிப் படிப்படியாக 10 ரூபாய் வரை ஏறி, மொத்தம் 5,550 ரூபாய். நிறைய எரிக்கிற வசதிக்காரனுக்காகப் போட்ட படிக்கட்டு அது. பத்து ஏழைகளைக் கூட்டி ஒரு பணக்காரனாக்கி அதில் ஏற்றிவிடுகிறது. யூனிட்டுக்கு 10 வீதம் எங்களிடமிருந்து போனதோ 9,000.

மாற்று வழி இல்லாமலில்லை. 2019 செப்டம்பரில் டெல்லி அரசு, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமலே, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிக் குடியிருப்பவரே ப்ரீபெய்டு மீட்டர் வாங்கலாம், 200 யூனிட் இலவசமும் அதில் உண்டு என்று அறிவித்தது. நம்ம சனத்துக்கு ஒப்பந்தப் பத்திரம் ஏது? எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆனால் ரேஷன் கார்டு இருக்கிறது. அதை வைத்து அரிசி கொடுக்க முடிகிறபோது கரண்டு கொடுக்க முடியாதா?

கட்டணத்தைக் குறை என்று மட்டும் நாம் கோஷம் போட்டால், குறைகிற காசு மறுபடியும் கார்டுக்காரர் வீட்டுக்கே போய்ச் சேரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. விளக்கு யார் வீட்டில் எரிகிறதோ அவர் பேரை எழுது. எங்கம்மாவுக்கும் ஒரு பேர் இருக்கிறது.