பாஞ்சாலியின் வினாவும் அறப்போர் நெறியும்

மகாகவி பாரதியாரின் பாஞ்சாலி சபதம் நாட்டு விடுதலையைக் குறிப்பாலுணர்த்துங் காப்பியம் என்பது திறனாய்வாளர் பலர்க்கும் ஒப்ப முடிந்த கருத்து. பாஞ்சாலி பாரத அன்னை; துரியோதனன் அவை அந்நியராட்சி; சகுனியின் சூது அவ்வாட்சி நம்மை அகப்படுத்திய வஞ்சனை என்று அவர்கள் பொருள் விரிப்பர். அவ்வாறு கொள்ளுங்கால் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. காப்பியம் இரத்தச் சபதத்தோடு முடிவெய்துகின்றது. பாரத நாட்டின் விடுதலைப் போரோ அகிம்சையைத் தன் தலையாய நெறியாகக் கொண்டது. அங்ஙனமாயின் நூலும் வரலாறும் முரணுகின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இதற்கு இருவகை விடை கூறுவர். பாரதியார் திலகரைப் பின்பற்றியவர். 1907ஆம் ஆண்டுச் சூரத் காங்கிரசில் அக்கட்சியோடு நின்றவர். ஆதலின் சினமும் சபதமும் அவர்க்கு இயல்பே என்பர் ஒருசாரார். 1919இல் சென்னையிலே காந்தியடிகளைக் கண்டவர், அவரைப் போற்றிப் பஞ்சகம் பாடியவர். ஆதலின் சபதத்தை வெறும் உருவகமாகக் கொள்க என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நூலை விடுத்து நூலாசிரியர் வரலாற்றினுள் விடை தேடுகின்றனர். நூலினுள்ளேயே விடை உளது என்பது எமது கருத்து.

புதுச்சேரியில் வாழ்ந்த காலத்திலே பாரதியார் இந்நூலின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டார். அடிமைச் சருக்கம், துகிலுரிதற் சருக்கம், சபதச் சருக்கம் என்பன அடங்கிய இரண்டாம் பாகமோ, அவர் 1921இல் மறைந்தபின், 1924இலேதான் அச்சேறியது. எனவே பாஞ்சாலி அவை நடுவே நின்று வாதிடும் பகுதியைத் தமிழ்மக்கள் நூல்வடிவிற் படித்த காலம், ஒத்துழையாமை இயக்கத்தை நாடு ஒருமுறை கண்டு முடித்த காலமாகும்.

முதற்கண் தருமனை நோக்குவாம். அவன் வாளெடுக்கவில்லை, வசை மொழியவில்லை. ஆயினும் அவன் பொறுமையை அகிம்சை எனப் பாரதியார் கொண்டாரல்லர். நாட்டைப் பணயம் வைத்த அவனைக் கவிஞர் தாமே இடைநின்று கடிகின்றார். கோயிற் பூசகன் தான் வழிபடும் படிமத்தை விற்றதற்கும், காவலாளி தான் காக்கும் வீட்டை இழந்ததற்கும் அச்செயலை ஒப்பிடுகின்றார். தீமைக்குப் பணிந்து கொடுத்தல் வேறு; தீமையோடு ஒத்துழைக்க மறுத்தல் வேறு. சூதுக்கு அழைத்தபோது மறுத்திருக்க வேண்டியவன் இசைந்து சென்றான். அவன் பின்னர்க் காட்டிய அமைதி அவ்விசைவின் தொடர்ச்சியேயன்றி அறப்போர் ஆகாது.

வீமனோ சினத்தின் வடிவம். தமையன் கையையே எரித்துவிட எழுகின்றான். அருச்சுனன் அவனைத் தடுத்து, அறம் வஞ்சனையால் மறைக்கப்படினும் ஈற்றில் மீளும் என்று ஆற்றுகின்றான். அவ்வுரை அழகியது, ஆயினும் அந்நேரத்திலே எதனையும் மாற்றவல்லதன்று. ஒருவன் பணிந்தான், ஒருவன் கொதித்தான், ஒருவன் காத்திருக்கச் சொன்னான். மூவராலும் அவையை அசைக்க இயலவில்லை.

அவையை அசைத்தவள் பாஞ்சாலி. அவள் ஏந்திய கருவி ஒரு வினாவே. தன்னை அழைக்க வந்த தேர்ப்பாகனிடம், நாயகர் தம்மை இழந்தபின் என்னை இழந்தாரா, என்னை இழந்தபின் தம்மை இழந்தாரா எனக் கேட்டு அனுப்புகின்றாள். தன்னை இழந்து அடிமையானவனுக்கு மற்றொருவரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்பது அதன் உட்பொருள். எதிரி எந்த நியாயத்தின்பேரில் ஆள்கின்றானோ அந்நியாயத்தையே அவன்முன் நிறுத்தி விடை கேட்டல் இது. வீட்டுமன் பண்டை வழக்கம் ஒன்று, இன்றைய நூல்வழக்கு ஒன்று எனப் பிரித்து, நிகழ்வது அநீதியாயினும் சட்டம் அதற்கு இடந்தருகின்றது என்று தளர்கின்றான். பாஞ்சாலியோ கொடுங்கோலின் கீழே சாத்திரமும் கொடிதாகும் என்று இடித்துரைக்கின்றாள். அதன்பின்னரே விகர்ணன் எழுகின்றான். பகைவன் தம்பியே அவளுக்காக வாதிடுகின்றான். மன்னர் சிலர் எழுந்து ஆரவாரிக்கின்றனர். எதிரியின் அணியிலேயே மனச்சான்றை எழுப்புதல் அறப்போரின் உயிர்நிலை. அது சபதத்தினால் அன்று, வினாவினாலேயே நிகழ்ந்தது.

இது கற்பனையளவில் நின்றதொன்றன்று. தென்னாபிரிக்காவிலே 1913இல் கேப் உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்று, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் சட்டப்படி செல்லா என்றது. மனைவி மனைவியல்லள் என நீதிமன்றமே கூறிய அந்நிலையிலே, தமிழ்ப்பெண்கள் பலர் தடையை மீறிச் சிறை புகுந்தனர். அவருள் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சின்னாட்களில், 1914 பெப்ரவரியில் உயிர் நீத்தார். சட்டம் பெண்ணை என்னவாகக் கருதுகின்றது என்ற பாஞ்சாலியின் வினா, உண்மை நீதிமன்றத்தின் முன்னரே எழுப்பப்பட்ட நிகழ்ச்சி அது.

இனி, இக்காப்பியத்திற் பலரும் கவனியாது செல்லும் மாந்தர் சிலர் உளர். அவர் வீதியில் நின்ற ஊரார். துச்சாதனன் பாஞ்சாலியைக் கூந்தல் பற்றி இழுத்துச் செல்லுங்கால் அவர் புலம்புகின்றனர், வேறொன்றுஞ் செய்தாரல்லர். அவர் புலம்பலைக் கவிஞர் இரக்கமென ஏற்கவில்லை. ஆண்மையற்ற வெற்றழுகை என்றே பழிக்கின்றார். கொடுமை நிலைபெறுவது கொடியோன் ஒருவன் வலியால் அன்று. பார்த்து நிற்போர் பலரின் செயலின்மையால் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் படையற்ற ஊரார் யாது செய்திருத்தல் கூடும்? இதற்குக் காப்பியத்தில் விடையில்லை.

அவ்விடையை வரலாறு தந்தது. 1930 ஏப்பிரல் 13ஆம் நாள் இராசாசி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர் உப்புச் சட்டத்தை மீறுதற்குத் திருச்சியினின்று வேதாரணியத்திற்கு நடந்தனர். அவர்க்கு உணவும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன் ஆணை பிறப்பித்தார். வழியோரத்து மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிலே கட்டிவைத்தனர். வேதாரணியத்தில் வேதரத்தினம் பிள்ளை தொண்டரை ஏற்றுப் பேணினார். 30ஆம் நாள் சட்டம் மீறப்பட்டது; இராசாசி சிறைப்பட்டார். அத்தினபுரத்து வீதியிலே அழுது நின்ற ஊரார், தஞ்சை வீதிகளிலே சோறு கட்டிய ஊராராயினர். வாளெடுக்க இயலாதவனுக்கும் போரிலே ஓர் இடம் உண்டென்பதைக் காட்டியதே அகிம்சைப் போரின் பெரும்பேறு.

ஈழத்தும் இவ்வுணர்வு அரும்பியதுண்டு. 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் தூண்டுதலால் 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தல் வடபகுதியிற் பகிட்கரிக்கப்பட, நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. முழுத் தன்னாட்சி தாராத அவைக்குச் செல்லோம் என்ற அம்மறுப்பு, தருமன் செய்யத் தவறிய மறுப்பேயாகும். அக்காலத்திலேயே மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் விபுலானந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயமர்ந்து, பாரதி பாடல்களைக் கற்றோர் அவையில் ஏற்றினார்.

அடிகள் பிறந்த மட்டக்களப்புத் தேசத்துக்குப் பாஞ்சாலி ஏட்டிலே மட்டும் வாழ்பவளல்லள். படுவான்கரையிலே பழுகாமத்திலும், எழுவான்கரையிலே பாண்டிருப்பிலும் அவள் திரௌபதை அம்மனாகக் கோயில் கொண்டிருக்கின்றாள். தீமிதிப்போர் அவளை நினைந்து தீயில் இறங்குகின்றனர். அவர் தீயைப் பிறர்மேல் எறிபவரல்லர்; தாமே அதன்மேல் நடப்பவர். துன்பத்தைத் தன்மேல் ஏற்று வாய்மையை நிலைநாட்டும் அறப்போர் நெறியை உணர இம்மக்களுக்கு வேற்றுமொழி நூல் வேண்டுவதின்று.

அங்ஙனமாயின் சபதத்தை யாது செய்வது? அதனை மறைத்தலும் மழுப்பலும் நேர்மையாகா. வினாவுக்கு விடையளியாத அவையிலே வினாவே சபதமாகத் திரிந்தது என்பதுதான் காப்பியங் காட்டும் உண்மை. விகர்ணனைக் கன்னன் அடக்காதிருந்து, வீட்டுமன் தளராதிருந்திருப்பின் சபதத்துக்கு இடமேயில்லை. மட்டக்களப்புக் கச்சேரியின் முன்னர் 1961இல் சத்தியாக்கிரகம் இருந்தோரும் வினாவொன்றையே அரசின்முன் வைத்தனர். அவசரகாலச் சட்டமும் படையுமே விடையாக வந்தன. பின்வந்த பல்லாண்டுத் துயரை அறிந்தோர்க்கு இக்காப்பியத்தின் எச்சரிக்கை விளங்காமற் போகாது.

சபதத்தைக் கூறிய கவிஞர் போரைக் கூறவில்லை. குருதி பேசிய அடுத்த கணமே உலகமெல்லாம் இன்புற்று வாழ்க என வாழ்த்திக் கதையை நிறுத்துகின்றார். வெற்றியை அன்று, விடை பெறாத வினாவையே அவர் நமக்கு விட்டுச் சென்றார். அவையிலிருப்போர் அதற்கு உரிய காலத்தில் விடை கூறுதலும், வீதியில் நிற்போர் அழுதமையாது தம்மாலியன்றதைச் செய்தலுமே அக்காப்பியத்தைக் கற்றதன் பயனாம்.