35,000 அடியில் செல்லாத நோட்டு

போன வருஷம் அம்மா தனியாக அமெரிக்கா வந்தார். சிகாகோவில் இறங்கி, அங்கிருந்து சியாட்டிலுக்கு உள்நாட்டு விமானம், நாலரை மணி நேரம். கிளம்பும்போது அப்பா மடித்துக் கொடுத்த 20 டாலர் நோட்டுகள் கைப்பையில் இருந்தன. சாப்பாட்டு வண்டி வந்ததும் அட்டையில் இருந்த படத்தைக் காட்டி ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். நோட்டை நீட்டியிருக்கிறார். கார்டு மட்டும்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார் பணிப்பெண். அம்மாவின் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. கடைசியில் அந்தப் பெண் இரக்கப்பட்டுப் பெட்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கையில காச வெச்சுக்கிட்டு பிச்சை வாங்கின மாதிரி இருந்துச்சுடா" என்றார் அம்மா. பசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

விமானத்துக்குள் காசு புழங்க ஆரம்பித்த கதையிலிருந்து தொடங்கணும். சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்து வந்த காலத்தில் இடைவழியில் பணப் பேச்சே குறைவு. மதுபானம், ஹெட்போன், அவ்வளவுதான். 2008-இல் எரிபொருள் விலை எகிறியபோது எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கியது. யுஎஸ் ஏர்வேஸ் தண்ணீருக்கு 2 டாலர் கேட்டது. ஏழே மாதத்தில் அதைக் கைவிட்டது. சாதாரண வகுப்பில் இலவச உணவை விடாமல் வைத்திருந்த கான்டினென்டலும் 2010-இல் விட்டுவிட்டது. சாப்பாட்டு வண்டி கடையானது. கடையானதும் சில்லறைப் பிரச்சினை வந்தது. 2009 ஜூனில் அமெரிக்கன், அதே டிசம்பரில் டெல்டா, உள்நாட்டு விமானங்களில் ரொக்கம் வாங்குவதை நிறுத்தின. 2017 ஜனவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் குறுந்தூர விமானங்களில் இலவச சாண்ட்விச்சை எடுத்துவிட்டு விலைக்கு விற்க ஆரம்பித்தபோது, முதல் நாளிலிருந்தே கார்டு அல்லது அவர்களுடைய ஏவியோஸ் புள்ளிகள், இரண்டில் ஒன்றுதான்.

ஊழியர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒன்றரை அடி இடைவழி, ஆடும் விமானம், 7 டாலர் பொருளுக்கு நீட்டப்படும் 50 டாலர் நோட்டு. நம்ம ஊர் பஸ் கண்டக்டரிடம் கேட்டால் சில்லறையின் கொடுமையை விளக்கமாகச் சொல்வார். இறங்கியதும் எண்ணணும், கணக்குக் காட்டணும், குறைந்தால் பதில் சொல்லணும். இதெல்லாம் உண்மையான தலைவலி.

ஆனால் கார்டுதான் நம்பகமான பணம், ரொக்கம்தான் தொல்லை என்கிற தொனி இருக்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தரையில் அது சரியாக இருக்கலாம். வானத்தில் நிலைமை தலைகீழ். பணிப்பெண் கையில் இருக்கும் அந்தக் கருவி பல வருஷங்களாக எந்த வங்கியோடும் பேசாமலேயே வேலை செய்தது. கார்டு விவரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். தரையிறங்கிய பிறகு மொத்தமாக அனுப்பும். அந்தக் கணக்கில் பணம் இருந்ததா என்பது அப்போதுதான் தெரியும். அதனால்தான் ப்ரீபெய்டு கார்டுகளைப் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் ஏற்பதில்லை. விமானத்திலேயே வைஃபை பரவிய பிறகு இது மாறிவருகிறது, ஆனால் ரொக்கத்தை நிறுத்திய காலத்து நிலைமை இதுதான்.

அதாவது, நடந்தது கடன் வியாபாரம். அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வைப்பது மாதிரி. நம்ம ஊர் கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை தொங்கும். விமானத்தில் அதைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இந்த அண்ணாச்சி முகம் தெரியாத 150 பேருக்குக் கடன் கொடுப்பார், கையில் காசோடு வருபவரைத்தான் திருப்பி அனுப்புவார்.

சரி, நோட்டை மறுக்கச் சட்டம் இடம் தருகிறதா? டாலர் நோட்டிலேயே, பொதுக்கடன் தனிக்கடன் எல்லாவற்றுக்கும் இது செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. சூட்சுமம் 'கடன்' என்ற சொல்லில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னாலேயே கார்டு மட்டும் என்று சொல்லிவிட்டால் அங்கே கடனே உருவாகவில்லை, ஆகவே நோட்டை ஏற்கும் கட்டாயமும் இல்லை. தனியார் வணிகம் ரொக்கத்தை வாங்கியே ஆகணும் என்று கூட்டரசுச் சட்டம் எதுவும் இல்லை என்று அமெரிக்க மத்திய வங்கியே சொல்கிறது.

மாநிலங்களில் சட்டம் உண்டு. மாசசூசெட்ஸில் 1978-லிருந்தே கடைகள் ரொக்கத்தை மறுக்க முடியாது. ஆனால் அதே 1978-இல்தான் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் கூட்டரசுச் சட்டமும் வந்தது. விமானங்களின் கட்டணம், வழித்தடம், சேவை ஆகியவற்றில் மாநிலங்கள் தலையிடக் கூடாது என்கிறது அது. கான்டினென்டல் ரொக்கம் வாங்காதது கார்டு இல்லாத ஏழைகளுக்கு எதிரான பாகுபாடு என்று நியூ ஜெர்சியில் ஒரு பயணி வழக்குப் போட்டார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கூட்டரசுச் சட்டத்தைக் காட்டி அவர் வாதத்தைத் தள்ளியது. இது நியாயமா என்ற கேள்விக்குள் போகவே தேவைப்படவில்லை.

அதே நியூ ஜெர்சி 2019-இல் ரொக்கத்தை மறுக்கும் கடைகளுக்குத் தடை போட்டது. விமான நிலையக் கடைகளுக்கு விலக்கு கொடுத்தபோதும், ஒவ்வொரு முனையத்திலும் உணவு விற்பவர்களில் இருவராவது ரொக்கம் வாங்கணும் என்று நிபந்தனை வைத்தது. சோதனையைத் தாண்டி உள்ளே போனவர் வெளியே ஓடிப்போய் வாங்கிவர முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. முனையத்திலிருந்தே ஓட முடியாது என்றால் விமானத்திலிருந்து எங்கே ஓடுவது? தெருவில் ஒரு காபிக்கடை என் நோட்டை மறுத்தால் அடுத்த கடைக்குப் போவேன். இங்கே அடுத்த கடை கிடையாது.

வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் விமானத்தில் ஏறுவார்களா என்று கேட்கலாம். ரொக்கத்தை நிறுத்திய அதே 2009-இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் அமெரிக்கக் குடும்பங்களில் 7.7 சதவீதத்துக்கு வங்கிக் கணக்கு இல்லை. 2023-இல் அது 4.2 சதவீதம். அவர்களிலும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் பறப்பவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? தவிர, கணக்கு இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், என் அம்மா மாதிரி. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச் 16-லிருந்து இந்தியாவில் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டில் மட்டும்தான் இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறந்துவிடணும். பாதுகாப்புக்கு நல்ல விதிதான். அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தும் சொல்ல மறந்துவிட்டேன்.

இன்னொன்று. ரொக்கம் வாங்காத அதே விமானத்தில் ஒலிபெருக்கியில் கிரெடிட் கார்டு விளம்பரம் ஓடும். விண்ணப்பத் தாளோடு பணியாளர்கள் இடைவழியில் வருவார்கள். அந்தக் கார்டில் உணவு வாங்கினால் தள்ளுபடியும் உண்டு. அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு இந்தக் கூட்டுக் கார்டுகள் மிகப் பெரிய வருமானம். சில்லறைத் தொல்லைக்காக மட்டும்தான் ரொக்கத்தை விட்டோம் என்று அவர்கள் சொன்னால் நான் முழுசாக நம்பத் தயாரில்லை.

ஏறும் வாசலில் ரொக்கத்துக்கு ஒரு கூப்பன் விற்றால் போதும். இடைவழியில் சில்லறை எண்ண வேண்டாம், யாரும் இரக்கப்படவும் வேண்டாம்.

ஊர் திரும்பும்போது அம்மாவின் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டார். சோதனையில் தண்ணீர் பாட்டிலை மட்டும் பிடுங்கிக்கொண்டார்களாம், புளிசாதத்தை விட்டுவிட்டார்கள்.