ஓடைக்கரையில் போலரைசர்

மழை ஓய்ந்த காட்டில் நனைந்து கிடக்கும் மஞ்சள், சிவப்பு இலைகள் படத்தில் வெளிறிப் போவதற்குக் காரணம், அவற்றின் மேல் படியும் வானத்தின் வெளிச்சம். ஈரத்தின் மினுமினுப்பு இலையின் நிறத்தை மூடிவிடுகிறது. அதை விலக்கும் கருவி போலரைசர். லென்ஸின் முகப்பில் திருகிப் பொருத்தி, வெளிவளையத்தைச் சுழற்றிப் பயன்படுத்தும் ஃபில்டர் இது.

நீர், இலை, ஈரப்பாறை போன்ற பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ் 1808இல் இதைக் கண்டறிந்தார். ஃபில்டரைச் சுழற்றி அந்தத் தளத்தைத் தடுத்தால் பளபளப்பு மறையும். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது விளைவு உச்சத்தில் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் அநேகமாக எதுவும் மாறாது. ஆகவே முக்காலியின் உயரமும் இந்தக் கருவியின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

அகலக்கோண லென்ஸில் வானத்தின் நீலம் திட்டுத்திட்டாகக் கறுப்பது போலரைசரின் பெரிய குறை. ஒளிப்படக் கலைஞர் எலியட் போர்ட்டர் 1979இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த 'இன்டிமேட் லேண்ட்ஸ்கேப்ஸ்' வகைப் படங்களில், அதாவது இலையும் வேரும் நீரும் மட்டுமே நிறைந்த நெருக்கமான சட்டகங்களில், அந்தக் குறை தலைகாட்டுவதில்லை.

ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில், டொவாடா ஏரியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் காட்டுக்குள் ஓடும் ஒய்ராசே ஓடை இத்தகைய படங்களுக்குச் சரியான பரிசோதனைக் களம். அக்டோபர் பிற்பாதியில் பீச் மரங்கள் பொன்னிறமாகின்றன. நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காததால் பாறைகள் பாசி போர்த்தியிருக்கின்றன. இங்கே வளையத்தை முழுக்கத் திருப்பினால் பாசியின் பச்சையும் இலையின் சிவப்பும் ஆழம் பெறும், நீரடிக் கற்களும் தெரியும். ஆனால் அதே திருப்பத்தில், நீர்மேல் மிதந்த பொன்னிறச் சாயல் செத்துப்போகும். இலையுதிர்கால ஓடைப் படத்தின் உயிரே பல நேரம் அந்தச் சாயல்தான். முழு விளைவு கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றுப் பின்வாங்குவதே நல்லது. இலையின் ஈரப் பளபளப்பையும் முற்றிலும் துடைத்துவிடக் கூடாது. துடைத்தால் நனைந்த இலை காகிதமாகிவிடும்.

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியை விழுங்கும். கையில் பிடித்து எடுக்கும் படத்துக்கு இது இழப்பு. ஓடைக்கு இது லாபம். மேகமூட்டமான நாளில் மரநிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வைத்தால் ஷட்டர் வேகம் தானாகவே அரை விநாடிக்கு அருகில் வந்துவிடும். கால் விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையில் நீர் தன் இழைகளைக் காட்டும். அதைத் தாண்டினால் பால்போல வழிந்து வடிவம் இழக்கும். காற்றில் இலை அசைந்தால், ஐஎஸ்ஓவை உயர்த்தி வேகமாக இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பிறகு இணைக்கலாம். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 போன்ற கேமராக்கள் பல படங்களைச் சேர்த்து நீண்ட ஷட்டரின் விளைவைத் தாமே உருவாக்குகின்றன. ஒளியைக் குறைக்க மட்டுமே பயன்படும் என்டி ஃபில்டரின் வேலையை மென்பொருள் இப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. போலரைசரின் வேலையை ஏற்க முடியவில்லை. பளபளப்பின் கீழ் பதிவாகாமல் போன நிறத்தைப் பின்னால் யாரும் மீட்க முடியாது.

போலரைசர் அந்த நிறத்தை எடுக்கும்போதே காப்பாற்றிவிடுவதால், பிந்தைய திருத்தத்தில் செய்ய வேண்டியது குறைவு. ரா கோப்பில் வெள்ளைச் சமநிலையைக் காட்டுக்குப் பொதுவாகக் கொஞ்சம் வெப்பமாக்கலாம். ஆனால் நிழல் நீரின் நீலத்தை முழுதும் போக்கக் கூடாது. மஞ்சள் இலைக்கு எதிர்நிறமாக நின்று அதை எடுத்துக்காட்டுவது அந்த நீலம்தான். சாச்சுரேஷனைக் கூட்டினால் சிவப்பு சேனல் முதலில் நிரம்பி இலை நரம்புகள் அழியும். அதற்குப் பதில் சிவப்பு, ஆரஞ்சின் ஒளிர்வை மட்டும் சிறிது இறக்கினால் நிறம் அடர்கிறது, நரம்புகளும் தங்குகின்றன. கடைசியாக, சட்டகத்தின் ஓரங்களில் பார்வையை இழுக்கும் வெண்ணுரையை மாஸ்க் இட்டுக் கால் ஸ்டாப் அளவுக்கு மங்கவைத்தால் போதும்.