ஓய்வுநாள் குணமாக்கல்கள்: சட்ட மறுப்பா, உரை வேறுபாடா?

முன்னுரை

இயேசு ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கிய நிகழ்வுகளை நான்கு நற்செய்தி நூல்களும் கூறுகின்றன. தமிழில் இவற்றை விளக்குவோர் பலர் இரக்கத்திற்கும் சட்டத்திற்கும் இடையிலான மோதலாகவே இவற்றைக் காண்கின்றனர். அப்பார்வையில் யூதச் சட்டம் இரக்கமற்றதாகவும், இயேசு அதனைத் தகர்த்தவராகவும் ஆகிவிடுகின்றனர். நற்செய்திகளின் அகச்சான்று இதற்கு இடந்தருகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்ணும் தொழிலும்

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர், அரியலூர் மழவராயர் ஒருவரின் பிளவை நோயை மண் பூசிக் குணமாக்கினார் என்பது அத்திருத்தல மரபு. இக்கதையில் மண் மருந்தாகவும் அருளின் கருவியாகவும் நிற்கிறது. அது பூசப்பட்ட நாள் எது என்னும் வினா எழுவதில்லை. இத்தகைய மரபில் பழகியோர் யோவான் 9ஆம் அதிகாரத்தையும் அவ்வாறே படித்துச் செல்லக்கூடும். அங்கும் இயேசு உமிழ்நீரால் சேறு உண்டாக்கிப் பார்வையற்றவரின் கண்களில் பூசுகிறார். ஆயின், அங்கு வழக்குக்குக் காரணமாவதே அச்சேறுதான். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, ஓய்வுநாளில் விலக்கிய 39 தொழில்களுள் பிசைதலையும் சேர்க்கிறது. தொகுப்பு பிற்பட்டதே, எனினும் சேறு உண்டாக்கிய நாள் ஓய்வுநாள் என யோவான் தனித்துச் சுட்டுவது (9:14) இத்தகைய கருத்து முன்னரே நிலவியதை உணர்த்துகிறது.

வழக்கின் மையம்

உயிருக்கு இடர் நேரும் ஐயம் இருந்தாலே ஓய்வுநாள் விதி விலகும் என்பது மிஷ்னாவே ஏற்ற நெறியாகும் (யோமா 8:6). ஆகவே, சட்டம் இரக்கமற்றது என்னும் முடிவு பொருந்தாது. இயேசு குணமாக்கியோரோ நாட்பட்ட நோயர்: கை சூம்பியவர், 18 ஆண்டுகள் கூனியிருந்த பெண், 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவர். ஒருநாள் காத்திருந்தால் இவர்களின் உயிருக்கு இடரில்லை. வேலை செய்ய ஆறு நாள்கள் உள்ளனவே என்னும் தொழுகைக்கூடத் தலைவரின் வாதம் (லூக்கா 13:14) இவ்வகையில் தருக்கமுடையதே. நாட்பட்ட துன்பம் காத்திருக்க வேண்டுமா என்பதே உண்மையான வழக்கு.

இயேசுவின் விடையும் சட்டத்திற்குள்ளிருந்தே எழுகிறது. ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்து நீர் காட்டுவது அனைவரும் ஏற்ற வழக்கம். அவ்வாறாயின் ஆபிரகாமின் மகளைக் கட்டவிழ்ப்பது தகாதா என வினவுகிறார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இம்முறை ரபிகள் கையாண்டதே. ஓய்வுநாளை எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையின் நினைவாக இணைச்சட்டம் (5:15) கூறுவதால், கட்டவிழ்ப்பதற்கு அந்நாளே உரிய நாளாகிறது. குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடுவதை மத்தேயு (12:11) இயல்பாகக் கொள்ள, தமஸ்கு ஆவணம் அத்தகைய செயலையே தடுக்கிறது. ஆகவே அக்கால யூத சமயத்தில் ஒரே கருத்து நிலவவில்லை என்பது தெளிவு.

உரை மரபின் ஒளியில்

தொல்காப்பிய நூற்பாவுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறுபட்ட பொருள் கூறும்போது, இருவரில் எவரும் நூலை மறுத்தவர் ஆகார். ஓய்வுநாள் வழக்கும் இவ்வாறே ஓர் உரை வேறுபாடாகும். தொழுநோயாளரைத் தொட்ட இயேசு, மோசே விதித்தவாறு குருவிடம் காட்டுமாறு அவரை அனுப்புவதும் (மாற்கு 1:40–44) இதற்கு அரண் செய்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் ‘நியாயப்பிரமாணம்’ என்னும் சொல்லில் தருக்க மரபின் சாயல் இருந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் ‘திருச்சட்டம்’ எளிமையானதாயினும், அரசாணை போன்ற இறுக்கத்தை வாசகர் மனத்தில் ஏற்படுத்த வல்லது. தோரா என்னும் மூலச்சொல்லுக்கோ போதனை என்னும் பொருளும் உண்டு.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. யோவான் 5:17இல் தம் தந்தை செயலாற்றுவதால் தாமும் செயலாற்றுவதாக இயேசு கூறுகிறார். அங்கு அவர் உரையாசிரியராக அன்றி, நூலாசிரியருக்கு நிகரான உரிமையோடு பேசுகிறார். எதிர்ப்பு கொலைமுயற்சியாக முற்றுவதற்கு அந்நற்செய்தி காட்டும் காரணமும் அதுவே (5:18).

முடிவுரை

ஓய்வுநாள் குணமாக்கல்கள் சட்டத்தை இரக்கத்தால் வென்ற கதைகள் அல்ல. சட்டத்தின் நோக்கம் யாது, அதனை உரைக்கும் உரிமை யாருக்குரியது என்னும் இரு வினாக்களை அவை எழுப்புகின்றன. முதல் வினாவில் இயேசு யூத மரபுக்குள் நின்று வாதிடுகிறார். இரண்டாவதில்தான் பிளவு தோன்றுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத விளக்கம் ஒரு சமயத்தாரைக் கொடியவராகக் காட்டும் பிழைக்கு இட்டுச்செல்லும்.